ஹூஇஸில் 2026 வரை செல்லும் என்கிறது, தளமோ காணாமல் போய்விட்டது. எதை நம்புவது?

நூல்கண்டு | ஏப்ரல் 6, காலை 9.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்புக் குழுவின் தளம் நான்கு நாளாகத் திறக்கவில்லை. முகவரியை அடித்தால் ஏதோ விளம்பரப் பக்கம் வந்து நிற்கிறது. டாட் காம் பெயர். அதை வாங்கியவர் பல வருடங்களுக்கு முன் குழுவில் இருந்தவர், இப்போது யாருக்கும் அவரோடு தொடர்பில்லை.

பணம் கட்டாமல் விட்டிருப்பாரோ என்று ஹூஇஸ் (ஒரு தளப் பெயரின் பதிவு விவரம் காட்டும் தேடல்) பார்த்தேன். காலாவதித் தேதி 2026 மார்ச் 12 என்று காட்டுகிறது. அப்படியென்றால் இன்னும் 11 மாதம் இருக்கிறதே? சந்தேகத்தில் வேறொரு தளத்தில் போட்டேன், அங்கே 2025 மார்ச் 12 என்கிறது. மூன்றாவது தளத்தில் தேதியே இல்லை, "பெயரை வாங்க ஆர்வமா?" என்று பெட்டி மட்டும் வருகிறது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? இந்தக் கருவிகளில் எதை நம்புவது?

கேபிள்பூச்சி | ஏப்ரல் 6, காலை 9.38

ஹேக் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். இரண்டு தேதியும் சரியாகவே இருக்கலாம். மூன்று வரிகளை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: அப்டேட்டட் டேட் (பதிவு கடைசியாக மாறிய நாள்), டொமைன் ஸ்டேட்டஸ் (பெயரின் நிலை), நேம்சர்வர் (பெயரை அடிப்பவர்களைத் தளம் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் சர்வர்). மின்னஞ்சல், தொலைபேசி ஏதாவது தெரிந்தால் இங்கே ஒட்ட வேண்டாம்.

நூல்கண்டு | ஏப்ரல் 6, காலை 9.51

அப்டேட்டட் டேட்: 2025 ஏப்ரல் 2.
ஸ்டேட்டஸ்: கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட். இந்த ஒன்றுதான். "தடை" என்று பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.
நேம்சர்வர்: முன்பு எங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இப்போது வேறு இரண்டு பெயர்கள், இரண்டிலும் "பார்க்கிங்" என்ற சொல் வருகிறது.

கேபிள்பூச்சி | ஏப்ரல் 6, காலை 10.20

அந்தத் தடையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது பூட்டு. உங்கள் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு (பெயர் விற்கும் கடைக்கு) யாரும் சத்தமில்லாமல் மாற்றிவிடாமல் இருக்கப் போட்டது. ஒழுங்கான பெயர்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும்.

விஷயம் நேம்சர்வர் வரியில் இருக்கிறது. டொமைன் காலாவதியாகிவிட்டது, ரெஜிஸ்ட்ரார் ஏப்ரல் 2 அன்று நேம்சர்வரைப் பிடுங்கித் தன் பார்க்கிங் பக்கத்துக்கு, அதாவது நீங்கள் பார்த்த விளம்பரப் பக்கத்துக்கு, திருப்பிவிட்டார். அப்டேட்டட் டேட் அந்த நாளைத்தான் காட்டுகிறது.

சரி, 2026 எங்கிருந்து வந்தது? டாட் காமில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலையே வைத்திருப்பது ரெஜிஸ்ட்ரி, டாட் காமுக்கு அது வெரிசைன். நீங்கள் பணம் கட்டும் கடை ரெஜிஸ்ட்ரார். காலாவதி நாள் வந்ததும், நீங்கள் கட்டினீர்களா இல்லையா என்று ரெஜிஸ்ட்ரி பார்ப்பதில்லை, தானாகவே ஒரு வருடம் கூட்டிவிடும். ரெஜிஸ்ட்ராருக்கு 45 நாள் வரை அவகாசம். அதற்குள் அவர் பெயரை நீக்கினால் அந்த வருடக் கட்டணம் அவருக்குத் திரும்பிவிடும். ஆக 2026 என்பது ரெஜிஸ்ட்ரி ரெஜிஸ்ட்ராருக்குக் கொடுத்த தேதி. உங்களுக்கும் ரெஜிஸ்ட்ராருக்கும் இடையில் உள்ள தேதி 2025 மார்ச் 12, அது முடிந்து 25 நாள் ஆகிறது.

சில ரெஜிஸ்ட்ரிகள் இந்தக் காலத்தில் "ஆட்டோ ரினியூ பீரியட்" என்று ஸ்டேட்டஸில் போட்டுவிடும், பார்த்தவுடன் புரியும். உங்கள் பதிவில் அந்த வரி இல்லாததால்தான் இத்தனை குழப்பம்.

பெயர் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் ரெஜிஸ்ட்ரார் 45 நாளும் காத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நீக்கிவிட்டால் "ரிடெம்ஷன் பீரியட்" 30 நாள், அதில் மீட்கலாம், கூடுதல் கட்டணம் தாளிப்பார்கள். அதன் பிறகு "பெண்டிங் டிலீட்" 5 நாள். அந்த ஐந்து நாளில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. முடிந்ததும் முதலில் எடுப்பவருக்குத்தான் பெயர், அதற்கென்றே புரோகிராம்கள் எழுதிக் காத்திருக்கிறார்கள்.

தென்றல்27 | ஏப்ரல் 6, காலை 10.44

இவ்வளவு சுற்றுவானேன்? ஹூஇஸ் போட்டால் வாங்கியவர் பெயர், வீட்டு முகவரி, போன் எல்லாம் வருமே. கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே.

கேபிள்பூச்சி | ஏப்ரல் 6, காலை 10.50

அது 2018க்கு முந்தைய கதை. அந்த வருடம் மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஐகேன் (டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் அமைப்பு) அவசர அவசரமாகத் தற்காலிக விதி ஒன்றைப் போட்டது. அதிலிருந்து தனிநபர் விவரம் இருந்த இடத்திலெல்லாம் "ரெடாக்டட் ஃபார் பிரைவசி". உலகம் முழுக்கப் பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மறைத்துவிட்டார்கள். உரிமையாளருக்குச் செய்தி அனுப்ப ஒரு படிவமோ மாற்று மின்னஞ்சலோ மட்டும் இருக்கும்.

பழையமோடம் | ஏப்ரல் 6, காலை 11.15

விடுங்கள், கொஞ்சம் பழங்கதை பேசுகிறேன். மறைப்பது என்ற எண்ணமே இல்லாத காலத்தில் பிறந்தது ஹூஇஸ். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரக் கொத்தை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு பராமரித்து வந்தது. அந்தக் கொத்தைத் தூரத்திலிருந்து கேட்டுப் பார்க்க 1982இல் ஆர்எஃப்சி 812 என்ற நெறிமுறை ஆவணம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2004இன் ஆர்எஃப்சி 3912. படித்துப் பாருங்கள், நாலே பக்கம்.

அதன் எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும். சர்வரின் 43ஆம் போர்ட்டில் (நுழைவாயில் எண்) டெல்நெட் என்ற பழைய இணைப்பு நிரல் வைத்து இணைந்து, டொமைன் பெயரை அடித்து என்டர் தட்டினால் போதும். எழுத்தாக ஒரு குவியல் வந்து விழும், இணைப்பு அறுந்துவிடும். அவ்வளவுதான் நெறிமுறை. என்ன வடிவில் பதில் வர வேண்டும், எந்த மொழிக் குறியீடு, எதுவும் அதில் இல்லை. அதனால் ஒரு சர்வர் தேதியை ஒரு விதமாக எழுதும், இன்னொன்று வேறு விதமாக எழுதும். நூல்கண்டு பார்த்த மூன்று தளங்களும் அந்தக் குவியலை ஆளுக்கொரு மாதிரி வெட்டி ஒட்டுகின்றன. ஒன்று ரெஜிஸ்ட்ரியிடம் கேட்டது, ஒன்று ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டது, மூன்றாவது உங்களிடம் விற்கப் பார்க்கிறது.

கேபிள்பூச்சி | ஏப்ரல் 6, காலை 11.32

மோடம் ஐயாவுக்கு ஹூஇஸ் மேல் பாசம் அதிகம். ஆனால் அதற்குப் பணி ஓய்வு கொடுத்தாயிற்று. 2025 ஜனவரி 28 முதல் டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு ஹூஇஸ் தர வேண்டிய கட்டாயம் இல்லை. இனி அதன் இடத்துக்கு வந்த ஆர்டாப் என்ற புது நெறிமுறைதான். நாட்டுக் குறியீட்டு டொமைன்கள் தனி ராஜ்ஜியம், அவரவர் விதி அவரவருக்கு.

ஆர்டாப் 2015இல் ஆர்எஃப்சி ஆனது. சாதாரண ஹெச்டிடிபிஎஸ் வழியே கேட்கலாம், பதில் ஜேசன் என்ற ஒழுங்கான வடிவில் வரும். எந்த டொமைனுக்கு எந்தச் சர்வர் என்ற பட்டியல் இணையப் பெயர்களையும் எண்களையும் கவனிக்கும் ஐயானாவிடம் இருக்கிறது, ஊகிக்க வேண்டியதில்லை. பிரவுசரிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஐகேனின் லுக்கப் பக்கம் போதும், அது நேராக ரெஜிஸ்ட்ரியையும் ரெஜிஸ்ட்ராரையும் கேட்கிறது.

நூல்கண்டு, அங்கே போட்டு மூலப் பதிலைத் திறந்து "ஈவன்ட்ஸ்" என்ற பகுதியைத் தேடுங்கள். "எக்ஸ்பிரேஷன்" என்பது ரெஜிஸ்ட்ரியின் தேதி. "ரெஜிஸ்ட்ரார் எக்ஸ்பிரேஷன்" என்று இன்னொன்று இருந்தால் அதுதான் உங்கள் தேதி. எல்லாம் யூடிசி (உலகப் பொது) நேரம், கடைசி நாளில் இருப்பவர்கள் இதை மறந்து மாட்டிக்கொள்வார்கள்.

நூல்கண்டு | ஏப்ரல் 6, பகல் 12.05

பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன. ரெஜிஸ்ட்ரார் எக்ஸ்பிரேஷன் 2025 மார்ச் 12. இத்தனை நாளும் அது பக்கத்தில்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ரெஜிஸ்ட்ராரின் பெயரும் தெரிந்தது. தொடர்புப் படிவத்தில் எழுதினேன். கணக்கு வைத்திருப்பவர்தான் வர வேண்டும் என்று தானியங்கிப் பதில் வந்தது. அந்தக் கணக்கின் மின்னஞ்சல் எங்கள் டொமைனிலேயே இருந்த ஒன்று என்று பழைய குறிப்பேட்டில் கண்டுபிடித்தேன்.

இரவுப்பணி | ஏப்ரல் 6, பகல் 12.31

அய்யோ, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

டிக் (டிஎன்எஸ் என்ற இணையப் பெயர் அடைவைக் கேட்கும் கருவி) வைத்து எம்எக்ஸ் பதிவை (மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்வது) பாருங்கள். என் ஊகம், அதுவும் போயிருக்கும். நேம்சர்வர் மாறினால் தளம் மட்டும் போகாது, மின்னஞ்சலும் சேர்ந்தே போகும். ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்பியிருப்பார். காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அனுப்பியே ஆக வேண்டும், முடிந்து 5 நாளுக்குள் இன்னொன்று, அது ஐகேன் விதி. யாரும் திறக்காத பெட்டிக்கு வந்து கிடந்திருக்கும். இப்போது கடவுச்சொல் மாற்றும் கடிதம் அனுப்பினால் போய்ச் சேர அந்தப் பெட்டியே இல்லை.

நூல்கண்டு | ஏப்ரல் 6, பகல் 12.48

டிக் என் கணினியில் இல்லை. அதே மாதிரிக் கருவியான என்எஸ்லுக்கப் இருக்கிறது. எம்எக்ஸ் கேட்டால் ஒன்றுமே வரவில்லை.

இரவுப்பணி | ஏப்ரல் 6, பகல் 1.10

என்எஸ்லுக்கப்பே போதும். டிக் பிடித்திருப்பதற்குக் காரணம், அது எதையும் ஒளிக்காது. யார் பதில் சொன்னார், அது சொந்தப் பதிலா கேஷில் (முன்பே சேமித்து வைத்ததில்) இருந்ததா, இன்னும் எத்தனை விநாடி செல்லும் எல்லாம் காட்டும். இரண்டு முறை அடித்துப் பாருங்கள், விநாடி எண் குறைந்துகொண்டே வந்தால் அது கேஷ். ஒரே எண் நின்றால் பெரும்பாலும் உரிய நேம்சர்வரே பேசுகிறது.

புதியவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம்: டிஎன்எஸில் "என்எக்ஸ் டொமைன்" (அப்படி ஒரு பெயர் இல்லை) என்று வந்தால் பெயர் காலியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வாங்கி நேம்சர்வர் வைக்காமல் விட்டாலும், "கிளையன்ட் ஹோல்ட்" போட்டு நிறுத்தி வைத்தாலும் அப்படித்தான் வரும். வாங்கிய 15 நாளுக்குள் மின்னஞ்சலை உறுதிசெய்யாமல் விட்டவர்களுக்கு இந்த ஹோல்ட் அடிக்கடி விழும். பெயர் பதிவாகியிருக்கிறதா என்ற கேள்வியை ரெஜிஸ்ட்ரியிடம் கேளுங்கள். ஆர்டாப் 404 கொடுத்தால் பதிவாகவில்லை. டிஎன்எஸுக்கு அந்தக் கேள்வியே புரியாது.

தென்றல்27 | ஏப்ரல் 6, பகல் 1.22

அப்போ ஐபி எண்ணை வைத்து ஹோஸ்டிங் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் கேட்கலாம்தானே?

இரவுப்பணி | ஏப்ரல் 6, பகல் 1.30

இப்போது அந்த ஐபி பார்க்கிங் சர்வருடையது, அதனால் பயனில்லை. பொதுவாகவும் கவனம் தேவை. ஐபிக்கு ஹூஇஸ் போட்டால் பதில் சொல்வது ஏரின், ரைப், ஏபிநிக், லாக்நிக், ஆஃப்ரிநிக் என்ற ஐந்து வட்டாரப் பதிவகங்களில் ஒன்று. அந்த எண் தொகுதி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். தளம் சிடிஎன் (தளத்தின் நகல்களைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவை) பின்னால் இருந்தால் வருவது சிடிஎன் நிறுவனத்தின் பெயர். தளம் நடத்துபவர் அவரில்லை.

மரகதப்புறா | ஏப்ரல் 6, பகல் 2.05

நூல்கண்டு, அந்தப் பழைய உறுப்பினரைத் தேட பழைய தளப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினைப் பார்த்தீர்களா? தளத்தின் பத்து வருடத்துக்கு முந்தைய "தொடர்புக்கு" பக்கத்தைத் திறந்தால், அப்போது அவர் பயன்படுத்திய வேறு மின்னஞ்சல் இருக்கலாம். டொமைன் கருவி என்று யாரும் அதைச் சொல்வதில்லை, ஆனால் பழைய நிலவரத்துக்கு அதைப் போல ஒன்று கிடையாது. பழைய ஹூஇஸ் பதிவுகளை விற்கும் நிறுவனங்களும் உண்டு, காசு கேட்பார்கள்.

இன்னொன்று, சான்றிதழ்ப் பதிவேடு (சான்றிதழ் என்பது தளம் அந்தப் பெயருக்கு உரியதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி). 2011இல் டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனத்துக்குள் புகுந்து கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். அப்படி ஒன்று வெளியானால் உடனே கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வந்தது சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி, 2013இன் ஆர்எஃப்சி 6962. 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு வெளியான சான்றிதழ் இந்தப் பதிவேட்டில் ஏறவில்லை என்றால் குரோம் ஏற்காது. ஆகவே ஒரு டொமைனுக்கு எப்போது, எந்தத் துணைப் பெயர்களுக்குச் சான்றிதழ் எடுத்தார்கள் என்பது யாரும் பார்க்கக் கூடியது. சிஆர்டி டாட் எஸ்ஹெச் தளத்தில் பெயரைப் போட்டால் வரிசையாக வரும்.

இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். ஒரு சோதனைத் தளத்தைத் துணைப் பெயரில் ஏற்றினேன், எங்கும் சுட்டி கொடுக்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை, கடவுச்சொல்லும் வைக்கவில்லை. சான்றிதழ் எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து லாக் பார்க்கிறேன், முன்பின் தெரியாத ஐபிகள் வரிசையாக வந்து வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கம் இருக்கிறதா என்று தட்டிக்கொண்டிருக்கின்றன. பதிவேட்டைப் படித்துக்கொண்டே இருக்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்). ரகசியம் என்று நினைத்த பெயரை ஊரெல்லாம் தண்டோரா போட்டது நானேதான்.

நூல்கண்டு | ஏப்ரல் 6, மாலை 4.17

மரகதப்புறா, கோடி நன்றி. 2014ஆம் வருடப் பக்கத்தில் அவருடைய தனி மின்னஞ்சல் இருக்கிறது. எழுதிவிட்டேன். பதில் வருமா தெரியாது.

மட்டுறுத்துநர் | ஏப்ரல் 6, மாலை 4.30

அந்த முகவரியை இங்கே போடாததற்கு நன்றி. மற்றவர்களும் இப்படியே இருங்கள். தென்றல்27, டொமைன் பெயரைத் தனிமடலில் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

தென்றல்27 | ஏப்ரல் 6, மாலை 4.41

உதவத்தான் கேட்டேன் ஐயா. சரி, எனக்கு ஒரு சந்தேகம். புதுப் பெயர் ஒன்றை ஏதாவது தளத்தில் தேடினால், அடுத்த நாளே வேறு யாரோ எடுத்துவிடுகிறார்களே, அது உண்மையா?

பழையமோடம் | ஏப்ரல் 6, இரவு 7.58

ஒரு காலத்தில் நடந்தது உண்டு. எல்லாத் தளமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் பிடித்திருந்தால், அறிமுகமில்லாத இலவசத் தேடல் பெட்டியில் ஏன் ஒப்பிக்க வேண்டும்? ரெஜிஸ்ட்ரியின் ஆர்டாப்பை நேராகக் கேளுங்கள், காலி என்றால் அப்போதே வாங்கிவிடுங்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டாட் காம் போலவே ஒரு பெயர் வகையான டாட் மோபியின் கதை போதும். அந்த ரெஜிஸ்ட்ரி தன் ஹூஇஸ் சர்வரை வேறு முகவரிக்கு மாற்றியது. பழைய சர்வர் இருந்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். 2024இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் அதைச் சுமார் 20 டாலருக்கு வாங்கித் தாங்களே ஒரு ஹூஇஸ் சர்வரை அங்கே வைத்தார்கள். சில நாளில் 25 லட்சம் கேள்விக்கு மேல் வந்து குவிந்தது. உலகம் முழுக்க மென்பொருள்களில் பழைய முகவரி அப்படியே கிடந்திருக்கிறது. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களில் சிலவும் அதே சர்வரிடம் "இந்தப் பெயருக்கு யார் பொறுப்பு, அவர் மின்னஞ்சல் என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தன. ஆய்வாளர்கள் நினைத்திருந்தால் தங்கள் மின்னஞ்சலையே பதிலாகச் சொல்லியிருக்கலாம். சான்றிதழ் தருவதற்கு ஹூஇஸை ஆதாரமாகக் கொள்வதை நிறுத்த வேண்டும் என்ற முடிவு இதற்குப் பிறகு வந்தது.

டொமைன்களைப் பற்றிச் சொல்லும் சர்வரின் டொமைனே காலாவதி. நூல்கண்டு, உங்கள் குழுவுக்கு நல்ல கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

நூல்கண்டு | ஏப்ரல் 8, காலை 8.20

பதில் வந்துவிட்டது! பழைய உறுப்பினர் ரொம்பவே வருத்தப்பட்டார். கணக்கில் மாற்று மின்னஞ்சலாக அவருடைய தனி முகவரி இருந்திருக்கிறது, அதன் வழியே நேற்றிரவு உள்ளே போய்ப் பணம் கட்டி நேம்சர்வரையும் திருப்பி வைத்துவிட்டார். ஆனால் என் கணினியில் இன்னும் விளம்பரப் பக்கம்தான். அவருக்குத் தளம் தெரிகிறதாம்.

இரவுப்பணி | ஏப்ரல் 8, காலை 8.47

அருமை. இப்போது நீங்கள் பார்ப்பது பழைய நினைவு. டாட் காம் சர்வர்கள் நேம்சர்வர் பதிவை 1,72,800 விநாடி, அதாவது 48 மணி நேரம் வைத்திருக்கலாம் என்று சொல்லித்தான் கொடுக்கின்றன. நேற்று மாலை உங்கள் இணைய நிறுவனத்தின் ரிசால்வர் (உங்களுக்காக டிஎன்எஸைக் கேட்டுச் சொல்லும் சர்வர்) பார்க்கிங் பெயரை வாங்கி வைத்திருந்தால், நாளை மாலை வரை அதையே பிடித்துக்கொண்டிருக்க அதற்கு உரிமை உண்டு. மாற்றம் உலகெங்கும் "பரவ" நேரமாகும் என்பார்கள். எதுவும் பரவுவதில்லை, ஆங்காங்கே பழையது காலாவதியாகக் காத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

டிக்கில் டிரேஸ் வசதி உண்டு, மூல சர்வரிலிருந்து படிப்படியாக இறங்கிவந்து கேட்கும், கேஷைத் தொடாது. உங்களிடம் டிக் இல்லாததால் என்எஸ்லுக்கப்பில் டொமைன் பெயருக்குப் பின்னால் ஹோஸ்டிங் நேம்சர்வரின் பெயரையும் சேர்த்து அடியுங்கள். நேராக அவரிடமே கேட்கும்.

நூல்கண்டு | ஏப்ரல் 8, காலை 9.03

கேட்டேன். பழைய ஐபி சரியாக வருகிறது. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்தேன், தளம் திறந்துவிட்டது!

ஆனால் ஒரு கவலை. ஆர்டாப்பில் எக்ஸ்பிரேஷன் இன்னும் 2026 மார்ச் 12 என்றே இருக்கிறது. பணம் கட்டிய பிறகு 2027 ஆகியிருக்க வேண்டாமா? பணம் போய்ச் சேரவில்லையோ?

கேபிள்பூச்சி | ஏப்ரல் 8, காலை 9.15

அந்த ஒரு வருடத்தை ரெஜிஸ்ட்ரி மார்ச்சிலேயே கூட்டிவிட்டதே. நீங்கள் இப்போது கட்டியது அதற்கான காசு. மற்ற வரியைப் பாருங்கள்.

நூல்கண்டு | ஏப்ரல் 8, காலை 9.19

ரெஜிஸ்ட்ரார் எக்ஸ்பிரேஷன்: 2026 மார்ச் 12. இரண்டும் ஒன்றாகிவிட்டது.

கணக்கின் முதன்மை மின்னஞ்சலை வேறு டொமைனில் உள்ள பொதுப் பெட்டிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், மூன்று பேரிடம் சாவி. தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்க்க எங்கே அழுத்த வேண்டும்?

மட்டுறுத்துநர் | ஏப்ரல் 8, காலை 9.40

நான் சேர்த்துவிடுகிறேன். இழையை மூடவில்லை, மோடம் ஐயா இன்னும் ஏதாவது சொல்ல வைத்திருப்பார்.